மருந்தறைப் பெண்கள் விரும்பிக் கேட்ட பாடல்கள்

வெடிவிபத்தில் செத்தவர்களுக்குக் காரியம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் பிற்பகல், ஓடை எஃப்எம்மின் நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்குச் சீனியம்மாள் போன் செய்து, தன் மகளுக்காக ஒரு தாலாட்டுப் பாட்டுப் போடச் சொன்னாள். சீனியம்மாளும் அந்த விபத்தில் செத்தவர்களில் ஒருத்திதான்.

போனை எடுத்த அரசிக்கு முதலில் அது உறைக்கவில்லை. உடையங்குளம் மெயின் பஜாரில் ஜவுளிக்கடை மாடியில் ஓடை எஃப்எம் தொடங்கிய நாளிலிருந்து பிற்பகல் நிகழ்ச்சி அவளுடையதுதான். எத்தனையோ பேர் பேசுவார்கள், எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விகளைத்தான், வாய் தானாகக் கேட்டுவிடும்.

"சொல்லுங்க, யாரு பேசுறீங்க?"

"நான்தாங்க்கா, கீழத்தெரு சீனியம்மா."

"சாப்பிட்டாச்சா சீனியம்மா?"

"இங்க சாப்பாடெல்லாம் கெடையாதுக்கா. பசிக்கவும் மாட்டேங்கு. எம்பிள்ள மாலாவுக்குத்தான் அன்னைக்கிருந்து ஒரு வாய் எறங்கலையாம். பாட்டைக் கேட்டுக்கிட்டே சாப்பிடச் சொல்லுங்க. அவுக அப்பாவையே ஊட்டிவிடச் சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்றேன். இதோ, மாலாக்குட்டிக்காக அவங்க அம்மா விரும்பிக் கேட்ட பாடல்" என்று சொல்லிப் பாட்டை ஓடவிட்ட பிறகுதான் அரசிக்கு அது உறைத்தது. சீனியம்மாளைப் புதைத்த குழியில்தான் அரசியின் தங்கை குருலட்சுமியையும் புதைத்திருந்தார்கள். எது யாருடைய உடம்பு என்று பிரிக்க முடியாமல் போனதால், பட்டாசு ஆலையில் வெடிமருந்து இடிக்கிற மருந்தறைக்குள் இருந்த அத்தனை பெண்களுக்கும் ஒரே குழி.

கீழத்தெருவில் சீனியம்மாளின் புருஷன் வெயிலுமுத்து, லாரிகளில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிற லோடுமேன், பக்கத்து வீட்டு ரேடியோவில் பொண்டாட்டியின் குரலைக் கேட்டதும் எழுந்துபோய்ச் சோற்றைப் பிசைந்து, ஒரு உருண்டை உருட்டி நீட்டினான். பிள்ளை வாயைத் திறந்தாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. "குரல் தெளிவாத்தான் இருந்துச்சு" என்றாள் ஒருத்தி. "அவ தாலாட்டுதான் கேப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள் இன்னொருத்தி. பிள்ளை தட்டில் இருந்ததை முழுக்கத் தின்று முடித்ததும், அவரவர் வீட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஓடை எஃப்எம்மில் குத்துப்பாட்டு எந்தக் காலத்திலும் போட்டதில்லை. பிள்ளை குட்டி பெற்று, கொஞ்சம் அழுது, கொஞ்சம் ஓய்ந்துபோனவர்கள் கேட்கிற மெதுவான பாட்டுகள் மட்டும்தான் போடுவார்கள். அதற்குக் காரணம் ரசனை இல்லை. ரேடியோவுக்கும், ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிற பட்டாசு ஆலைக்கும் முதலாளி ஒருவர்தான், செல்வமோகன் அண்ணாச்சி. வேகப் பாட்டுக் கேட்டால் கையும் வேகமாகும், கருமருந்து செலுத்துகிற கை வேகமானால் உரசும், உரசினால் தீப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, அவர்தான் மெதுவான பாட்டாகப் போடச் சொல்லியிருந்தார். அதனால் ஆலையின் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு ஒலிபெருக்கி தொங்கியது, அதில் அரசியின் குரலும் பாட்டும் மாறிமாறி ஓடிக்கொண்டே இருக்கும், அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் பெண்கள் குழாய்களில் மருந்து இடிப்பார்கள். உயிரோடிருந்த காலத்தில் அவர்களில் ஒருத்திகூட நிகழ்ச்சிக்குப் போன் செய்ததில்லை. வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இப்போது அவர்களுக்கு நேரம் இருந்தது.

மறுநாள் பாக்கியத்தாய் பேசினாள், கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு வளைகாப்புப் பாட்டுக் கேட்டாள். அதற்கடுத்து அந்தோணியம்மாள், பிறகு சங்கரேஸ்வரி, பிறகு கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த முத்துச்செல்வி. டெலிபோன் ஆபீஸ்காரர் வந்து கேபிளைத் தடவிப் பார்த்து, பெட்டியைத் திறந்து மூடி, "லைன்ல ஒரு கோளாறும் இல்லம்மா. எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று தன் சித்தி மகள் இன்னும் பேசவில்லையே என்று விசாரித்துக்கொண்டு போனார். அம்மன் கோயில் பூசாரி, பேசுகிறவர்கள் கெட்டதாக எதையும் கேட்கவில்லை, அதனால் குறி பார்க்க வேண்டியதில்லை என்றார். சர்ச் ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டார், ஆனால் பிற்பகல் ஜெபத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார்.

அதன்பிறகு ஊர் தன்னைத் தானே மாற்றிக்கொண்டது. பிற்பகலானால் பஜாரில் கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள், மினி பஸ் டிரைவர் பயணிகளைக் கேட்காமலே வேப்பமரத்தடியில் நிறுத்தி சத்தத்தைக் கூட்டி வைத்தார், செத்தவள் பேர் வருமென்று எதிர்பார்த்துச் சொந்தக்காரர்கள் குளித்துத் தலைவாரித் துவைத்த துணி உடுத்திக் காத்திருந்தார்கள், செத்தவள் கூப்பிட்டுப் பேசிய வீட்டுக்கு, இன்னும் குரல் வராத வீட்டுக்காரர்கள் பாயாசம் வாங்கிக் குடிக்கப் போனார்கள், புருஷனை இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி ஒருத்தி சோகப்பாட்டுக் கேட்டாள், பண்ணிக்கொள்ளக் கூடாதென்று இன்னொருத்தி அதே பாட்டைக் கேட்டாள். மாலா தினமும் அந்த நேரத்தில் மட்டும் சாப்பிட்டாள். அவள் அம்மா பேசாத நாளில் வேறு யாராவது ஒருத்தி, "சீனியம்மாவும் இங்க பக்கத்துலதான் இருக்கா, பிள்ளைய சாப்பிடச் சொல்றா" என்று சொல்லிவிடுவாள்.

விபத்தைப் பற்றி மட்டும் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அரசியும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று அண்ணாச்சி மாடியேறி வந்து சொல்லியிருந்தார்.

"பாவம், போன பிள்ளைக நிம்மதியா பாட்டுக் கேக்குதுக. நீ எதையாச்சும் கேட்டு அதுக மனசைக் கலைச்சிராத அரசிம்மா. அப்படி யாராச்சும் ஆரம்பிச்சா பட்டனை அமுக்கிக் கட் பண்ணிரு."

"சரிங்கண்ணாச்சி."

"உந்தங்கச்சி பேசுனாளா?"

"இன்னும் இல்லைங்கண்ணாச்சி."

"பேசுவா, பேசுவா" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே ஈரம் இருந்தது.

அண்ணாச்சிக்கு அந்த நிகழ்ச்சி வேறு விதத்திலும் தோதாக அமைந்தது. விபத்துக்கு நீதி கேட்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் தொழிற்சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆரம்பத்தில் தெருவே நிறைந்த கூட்டம், ஆனால் பிற்பகல் ஆனதும் ஒவ்வொருவராக எழுந்து ரேடியோ இருக்கும் இடம் தேடிப் போனார்கள், போனவர்கள் திரும்பி வரவில்லை. "அவளே சந்தோசமா பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கா, நான் எதுக்குய்யா வெயில்ல கெடக்கணும்?" என்று வெயிலுமுத்துவே கேட்டான். கடைசியில் துணிப்பந்தலுக்கு அடியில் சங்கத்துத் தலைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார், பிறகு அவரும் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வைத்துக்கொண்டார்.

குருலட்சுமி பேசவே இல்லை. அம்மா அப்பா போன பிறகு அரசி வளர்த்த பெண் அவள். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வையில் தூங்கியவள். தினமும் நிகழ்ச்சி முடிந்து அடுத்த அறிவிப்பாளர் வந்து உட்கார்ந்த பிறகும் அரசி போன் பக்கத்திலேயே நிற்பாள். பாட்டு ஓடுகிற இடைவெளியில், வானொலியில் போகாத நேரம் பார்த்து, செத்தவர்களிடம் ரகசியமாகக் கேட்பாள்.

"பாக்கியத்தாயி, எந்தங்கச்சி அங்க இருக்காளா?"

"இருக்காளே. வரிசையில நிக்கா."

"ஏன் பேச மாட்டேங்கா? எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல தாயி. வரிசையில நிக்கா, அவ்வளவுதான்."

இன்னொரு நாள் முத்துச்செல்வியிடம் கேட்டாள், அந்தோணியம்மாளிடம் கேட்டாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், சொல்லிவிட்டு அவசரமாகப் பாட்டுக்குப் போனார்கள். ஊரெல்லாம் தத்தம் பிணத்தோடு சமாதானம் ஆகிவிட்ட அந்த நாட்களில் அரசி வீட்டில் மட்டும் சாவு அப்படியே உட்கார்ந்திருந்தது, எழுந்திருக்கவே இல்லை.

தீபாவளி நெருங்கி வந்தது. எரிந்துபோன மருந்தறை இருந்த இடத்திலேயே புது அறை கட்டி, புது ஓடு வேய்ந்து, புதுக் கதவு போட்டு, ஆலையைத் திறக்க அனுமதி வாங்கப்போவதாகப் பேச்சு வந்தது. ஒரு பிற்பகல் அரசியின் மேசையில் படிக்க வேண்டிய விளம்பரம் ஒன்று கிடந்தது. அவள் படித்தாள். மருந்தறை வேலைக்குப் பெண்கள் தேவை, இறந்தவர்களின் மகள்களுக்கும் தங்கைகளுக்கும் முன்னுரிமை தரப்படும், முன்பணம் உண்டு என்று தேன் தடவிய குரலில், வார்த்தை பிசகாமல் படித்துவிட்டு, "அடுத்த நேயர் காத்திருக்காங்க, சொல்லுங்க, யாரு பேசுறீங்க?" என்றாள்.

"அக்கா."

அரசிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வானொலியில் இப்படி ஒரு மௌனம் விழக் கூடாது, விழுந்தால் கேட்பவர்கள் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள் என்பது பழகிப்போன பயம். அந்தப் பயம்தான் அவளைப் பேச வைத்தது.

"குரு... என்ன பாட்டும்மா வேணும்?"

"பாட்டு வேண்டாம்க்கா. நான் ஒண்ணு சொல்லணும். கட் பண்ணிராத."

"சொல்லு."

"அன்னைக்கு ஆபீசர்க சோதனைக்கு வந்தாங்கள்ல. மருந்தறையில நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதாம், வெளி ஷெட்லயும் கூடுதலா ஆளு இருந்தோம். அத்தனை பேரையும் மருந்தறைக்குள்ள தள்ளி, ஆபீசர்க போற வரைக்கும் சத்தம் காட்டாம இருங்கன்னு சொல்லி, ஆளில்லாம பூட்டிக் கெடக்குற அறைன்னு ஆபீசர்க நெனைக்கணும்னு மேஸ்திரி கதவை வெளிய பூட்டுனாரு. சாவியை அண்ணாச்சி கையில குடுத்தாரு. நான் சன்னல் இடுக்குல பாத்தேன்க்கா."

மேசையில் கிடந்த அரசியின் செல்போன் அதிர்ந்தது. அண்ணாச்சி பேர் ஒளிர்ந்தது. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. சிவப்புப் பட்டன் அவள் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பஜாரில் டீக்கடையில், தையல் கடையில், மினி பஸ்ஸில், கீழத்தெருவில், சங்கத்துப் பந்தலில் எல்லா ரேடியோவிலும் அந்த ஒரே குரல் ஒலித்துக்கொண்டிருந்தது, ஊர் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"புழுக்கம் தாங்கல. மருந்து கதகதன்னு சுட ஆரம்பிச்சிருச்சு. நாங்க கதவைத் தட்டுனோம்க்கா. எல்லாரும் சேந்து தட்டுனோம். வெளிய ஆபீசர்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு ரேடியோவைச் சத்தமா வச்சுட்டாங்க. நீதான் பேசிக்கிட்டு இருந்த."

அரசி பட்டனை அமுக்கவில்லை. மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

அப்போது கீழே ஜவுளிக்கடை வாசலில் கார் வந்து நின்றது, யாரோ மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார்கள், ஸ்டேஷன் முழுக்க இருண்டது, ஊரில் எல்லா ரேடியோவும் இரைச்சலுக்குப் போனது. போன் மட்டும் உயிரோடிருந்தது. அதற்குமேல் குருலட்சுமி சொன்னதை அரசி ஒருத்தி மட்டும்தான் கேட்டாள்.

"இங்க எல்லாருக்கும் ஒரே போன்தான்க்கா. இதைச் சொல்லிட்டா அதோட லைன் அந்துரும்னு எங்களுக்குத் தெரியும். அதான் பிள்ள பெத்தவுகல்லாம் பேசி முடிக்கட்டும்னு கடைசியில போய் நின்னேன். இப்ப நீ படிச்ச வெளம்பரம் இங்க கேட்டுச்சு. சீனியம்மா மதினிக்கு இன்னைக்குப் பேசுற முறை. அவுகதான் கையப் புடிச்சு என்னை முன்னால தள்ளுனாக."

"குரு, உனக்கு... அங்க உனக்கு வலிக்குதா?"

வெறும் காற்றுச் சத்தம் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

அண்ணாச்சி மாடியேறி வந்தபோது அவள் எழுந்து நின்றாள். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "உங்களுக்கெல்லாம் நான் என்னம்மா குறை வச்சேன்?" என்று மட்டும் கேட்டார். அவள் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஊர் கொதித்தது. ஆனால் அண்ணாச்சிமேல் இல்லை, அல்லது முதலில் அவர்மேல் இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் குளித்துத் தலைவாரிக் காத்திருந்தவர்களுக்கு ஒரு குரலும் வரவில்லை, புதிதாக உட்கார்த்திய ஒரு பையன் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டுகளை வரிசையாக ஓடவிட்டான், அவ்வளவுதான். கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அப்போதுதான் முதல்முறையாகச் சாவு வந்தது. பந்தல் போட்டு அழுதபோது வராத அழுகை இப்போது வந்தது, தெருத்தெருவாக வந்தது. எல்லோர் கையும் அரசி வீட்டைக் காட்டியது. மளிகைக் கடையில் அவளுக்குச் சாமான் போடவில்லை, குழாயடியில் அவள் குடத்தை எட்டி உதைத்தார்கள், கல் வந்து ஓட்டில் விழுந்தது. "உந்தங்கச்சிக்கு நியாயம் வேணும்னு எங்க அம்மாவை ஏண்டி கொன்ன?" என்று பாக்கியத்தாயின் மகள் கோவில்பட்டியிலிருந்து நிறைமாத வயிற்றோடு வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

விசாரணை அதிகாரி அரசியைக் கூப்பிட்டு, பொறுமையாகத்தான் கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"சாகுறதுக்கு முந்தி சொல்லியிருந்தா மரண வாக்குமூலம்னு எழுதிக்கலாம்மா. செத்த பிறகு சொன்னதை என்னன்னு எழுதுறது? சட்டத்துல அதுக்கு எடமே இல்லையே."

"ஊரே கேட்டுச்சு சார்."

"ஊர்ல ஒருத்தர்கூட வந்து கேட்டேன்னு சொல்லலையேம்மா."

ஆலைக்கு அனுமதி வந்தது.

வெயிலுமுத்து ஒரு காலையில் வந்தான். மாலாவைத் தோளில் போட்டிருந்தான். பிள்ளை கைகால் தொங்கிப்போய், கன்னம் ஒட்டிக் கிடந்தாள்.

"பாத்துக்கோ. மறுபடியும் சாப்பாடு எறங்க மாட்டேங்கு. எம்பொண்டாட்டியை அண்ணாச்சி ஒரு தடவை கொன்னான். நீ ரெண்டாந்தடவை கொன்னுட்ட."

அரசிக்கு அழுகை வரவில்லை.

"குருவை முன்னால தள்ளிவிட்டது உம் பொண்டாட்டிதான்யா. அன்னைக்கு அவ பேசுற முறை. அவ முறையை விட்டுக்கொடுத்தா."

"பொய் சொல்லாத."

"கரண்ட் போன பெறகு குரு சொன்னா. நான் மட்டுந்தான் கேட்டேன். நம்பாட்டி விடு. மருந்தறைக்கு ஆளெடுக்குறாங்கன்னு நான் படிச்சது உம் பொண்டாட்டி காதுலயும் விழுந்துச்சு. மகள்களுக்கு முன்னுரிமைன்னு படிச்சேன். உனக்கும் ஒரு மக இருக்கா. இன்னும் பத்து வருசம் போனா அவளும் அங்கதான் போவா."

வெயிலுமுத்து பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். பிறகு திரும்பிப் போய்விட்டான்.

ஆலை திறந்த காலையில் பெண்கள் வந்தார்கள். வராமல் என்ன செய்வார்கள், ஊரில் வேறு வேலை கிடையாது. மருந்தறை வாசல்வரை வந்தவர்கள் அந்தப் புதுக் கதவையும் அதன் வெளித் தாழ்ப்பாளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி கத்தினார், நயமாகக் கூப்பிட்டார், மறுபடியும் கத்தினார். யாரும் மறுத்துப் பேசவில்லை, யாரும் உள்ளே போகவுமில்லை. வெயில் ஏறியது. அப்போது லாரிப்பக்கமிருந்து வெயிலுமுத்து ஒரு கடப்பாரையோடு வந்தான், கூட்டம் விலகி வழிவிட்டது, அவன் கீலுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான், கதவு மண்ணில் விழுந்தது. பெண்கள் அதைத் தூக்கினார்கள். பிணத்தைத் தூக்குகிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தோளில் வைத்து, ஊர்நடுவே கொண்டுபோய், செத்தவர்களின் குழிமேட்டில் கிடத்திவிட்டுத் திரும்பிவந்து வேலைக்கு உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி இன்னொரு கதவு போட்டார். அதுவும் குழிமேட்டுக்குப் போனது. இரும்பில் ஒன்று போட்டார், அதற்குக் கொஞ்சம் கூடுதல் ஆள் தேவைப்பட்டது. தீபாவளிக்குள் அந்த மேட்டில் கதவுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அரசி ஒவ்வொரு தடவையும் ஊர்வலத்துக்குப் பின்னால் தள்ளியே நடந்து போனாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அண்ணாச்சி ஆலையை மூடிவிட்டார். மலைக்கு அந்தப்பக்கம் வானம் பார்த்த பூமியில் இடம் மலிவாகக் கிடைத்தது, அந்தப் பக்கத்துப் பெண்கள் இன்னும் குறைந்த கூலிக்கு வந்தார்கள், ஷெட்டுகள் எழும்பின, எல்லா அறைக்கும் கதவு போட்டாயிற்று. ஓடை எஃப்எம் கோபுரத்தின் அலை அந்த மலையைத் தாண்டாது. உடையங்குளத்தில் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன, பாதித் தெரு திருப்பூருக்குப் பஸ் ஏறியது, மாலா ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தாள், பிழைத்த பிறகும் பேச்சுக் குறைந்துபோனாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, மலைக்கு அந்தப்பக்கம் போகிற முதல் பஸ்ஸில் அரசி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. வேலைக்குப் போகிற பெண்கள் இறங்குகிற நிறுத்தத்தில் நிற்க வேண்டும், நின்று சொல்ல வேண்டும், அதுமட்டும் தெரியும். மைக் இல்லாமல் எத்தனை பேருக்குக் கேட்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் வெயிலுமுத்து ஓடிவந்து பின்வாசலில் ஏறினான். கையில் நீளமாக ஏதோ சாக்கில் சுற்றி வைத்திருந்தான், அதை சீட்டுக்கு அடியில் தள்ளியபோது இரும்புச் சத்தம் கேட்டது. அரசி திரும்பிப் பார்த்தாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டார். வெயிலுமுத்து ஊர்ப்பேரைச் சொல்லிக் காசை நீட்டினான்.

"ரெண்டு குடுங்க. முன்னால இருக்க அந்தம்மாவுக்கும் சேத்து."